கனமழைக்கு அப்புறம் ட்ரவுட் ஆறு: எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

புதுமுள்:

வணக்கம். ஃப்ளை ராடைக் (இறகும் நூலும் வைத்துப் பூச்சி மாதிரி கட்டின முள்ளை, அதாவது ஃப்ளையை, வீசி ட்ரவுட் மீன் பிடிக்கிற தூண்டில் கோல்) கையில் எடுத்து இது எனக்கு இரண்டாவது வசந்தம். போன வருடம் இதே சமயத்தில், வசந்தம் முடியப்போகிற வாரங்களில், ஆறு தெளிவாக முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்தது, சாயங்காலம் பூச்சி எழும்பும், நீர்மேல் மிதக்கிற ட்ரை ஃப்ளையைப் போட்டால் ஒன்றிரண்டாவது மேலே வந்து எட்டிப் பார்க்கும். இந்த வருடம் மூன்று நாள் விடாத மழை. நேற்று மாலைதான் நின்றது. இன்று காலை போய்ப் பார்த்தால் நான் வழக்கமாக உட்கார்ந்து முடிச்சுப் போடுகிற பாறையைக் காணோம், அது இருந்த இடத்தில் தண்ணீர் ஒரு மேடு கட்டிப் போகிறது. நிறம் பால் ஊற்றிய டீ. கையை மணிக்கட்டு வரை உள்ளே விட்டேன், விரல் தெரியவில்லை.

இருந்தாலும் வந்ததற்கு வீசிவிட்டுப் போவோமே என்று இரண்டு மணி நேரம் நடு ஆற்றைப் பார்த்து வீசினேன். 5 எக்ஸ் டிப்பெட் (லைனின் நுனியில் கட்டுகிற மெல்லிய நூல்), 16-ஆம் எண் ட்ரை ஃப்ளை (எண் கூடக் கூட முள் சின்னது). மிதந்து வந்த மரக்கிளை ஒன்று லைனைப் பிடித்து இழுத்ததுதான் இன்றைக்குக் கிடைத்த ஒரே இழுப்பு.

இப்படிப்பட்ட மழைக்குப் பிறகு எத்தனை நாள் கழித்துப் போவது சரி? அல்லது இந்தத் தண்ணீரிலேயே பிடிக்க வழி இருக்கிறதா, நான்தான் தப்பாகச் செய்கிறேனா? கலங்கின குட்டையில் மீன் பிடிப்பது சுலபம் என்று ஊரெல்லாம் சொல்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் இப்படி?


கரைவாசி:

மீன் எங்கேயும் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் நடு ஆற்றுக்கு வீசிக்கொண்டிருந்த இரண்டு மணி நேரமும் அநேகமாக அது உங்கள் காலடியில்தான் இருந்திருக்கும்.

வெள்ளத்தில் நடு ஆறு ட்ரவுட்டுக்குக் கட்டுப்படியாகாது. அந்த ஓட்டத்தை எதிர்த்து நிற்கச் செலவாகிற தெம்பு அங்கே கிடைக்கிற தீனியில் திரும்ப வராது. அதனால் ஓட்டம் தணிந்த இடமாகப் பார்த்து ஒதுங்கும். கரையை ஒட்டி ஒரு முழம், பெரிய பாறைக்கு முன்னாலும் பின்னாலும், வளைவின் உள்பக்கம், நேற்று வரை புல்தரையாக இருந்து இன்று தண்ணீருக்குள் போன இடம், இப்படி. சாதாரண நாளில் கணுக்கால் அளவு தண்ணீர் என்று நாம் மதிக்காமல் மிதித்துக்கொண்டு போவோமே, அங்கே நல்ல மீன் நிற்கும். ஆகவே முதல் வீச்சைத் தண்ணீருக்குள் கால் வைப்பதற்கு முன்னால், கரையிலிருந்து நாலடி தள்ளி நின்று போடுங்கள்.

எத்தனை நாள் என்று கேட்டால் சொல்ல முடியாது. நாளை எண்ணாமல் நீர்மட்டக் கோட்டைப் பாருங்கள். உங்கள் ஆற்றில் நீரளவு நிலையம் இருந்தால் அதன் வரைபடம் இணையத்தில் கிடைக்கும். மழைக்குக் கோடு சுவர் மாதிரி செங்குத்தாக ஏறும், இறங்கும்போது சோம்பலாகச் சரிந்து இறங்கும். ஏறுகிற பக்கத்தில் போகவே போகாதீர்கள், கட்டை, கிளை, சேறு எல்லாம் ஒன்றாக வருவது அப்போதுதான். உச்சி தாண்டி இறங்க ஆரம்பித்துவிட்டால், அளவு வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தாலும், மீன் வாயைத் திறக்கத் தொடங்கும். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி, எவ்வளவு என்பது இரண்டாவது. (ஒரு எச்சரிக்கை: ஓட்டத்தைச் சில இடங்களில் நொடிக்கு இத்தனை கன மீட்டர் என்பார்கள், சில இடங்களில் கன அடி. ஒரு கன மீட்டர் என்பது 35 கன அடிக்குக் கொஞ்சம் கூட. நான் ஒரு தடவை 12 என்று பார்த்து, கன அடி என்று நினைத்து, ஆறு வற்றிக் கிடக்கிறது போலிருக்கிறது என்று கிளம்பிப் போனேன். போய்ப் பார்த்தால் 400 கன அடிக்கு மேல் கரை புரண்டுகொண்டிருந்தது.)

நிலையம் இல்லாத சின்ன ஆறு என்றால் கரையோரத் தண்ணீரில் ஒரு குச்சியை நட்டுவிட்டு அரை மணி கழித்து வந்து பாருங்கள். குச்சியில் தண்ணீருக்கு மேலே ஈரக் கோடு தெரிந்தால் இறங்குகிறது.

அப்புறம் தெளிவு. என் அளவுகோல் என் பூட்ஸ்தான். கணுக்கால் அளவிலேயே பூட்ஸ் மறைந்துவிட்டால் நான் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். முழங்காலுக்குப் பாதி, அதாவது ஓர் அடி ஆழம் வரை தெரிந்தால் நிம்ஃப் (நீருக்கடியில் வாழ்கிற பூச்சிக் குஞ்சு மாதிரி கட்டின, அமிழ்கிற ஃப்ளை) போடலாம். முழங்கால் ஆழத்தில் பூட்ஸ் மங்கலாகத் தெரிந்து, தண்ணீர் டீ நிறம் போய் மங்கிய பச்சைக்கு வந்திருந்தால் லீவு போட்டுவிட்டுப் போங்கள், வருடத்திலேயே நல்ல நாட்கள் அவை. மீன் நம்மைப் பார்ப்பதில்லை, தீனியோ நிறைய அடித்து வருகிறது.

எல்லா ஆறும் ஒரே வேகத்தில் தெளிவதில்லை. மேலே காடாக இருந்தால் சீக்கிரம், உழுத நிலமாக இருந்தால் தாமதம். தலைப்புப் பக்கம் சின்ன ஓடைகள் ஒரே நாளில் தெளிந்துவிடும், கீழே பெரிய ஆறு வாரம் எடுக்கும். அதனால் கீழே கலங்கலாக இருந்தால் வண்டியைத் திருப்பி மேலே போங்கள். ஊற்றுத் தண்ணீரில் ஓடுகிற ஆறுகள் மழையால் அதிகம் மாறுவதில்லை. அணைக்குக் கீழே இருக்கிற பகுதியும் நல்லது, வண்டல் அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது, முதல் கலங்கல் ஓடை வந்து சேருகிற இடம் வரை தெளிவாக இருக்கும். ஆனால் அங்கே திடீரென்று தண்ணீர் திறப்பார்கள், நேரத்தைக் கேட்டுக்கொள்ளாமல் இறங்கக் கூடாது. மலையில் இன்னும் பனி கிடக்கிறது என்றால் கதை வேறு. வெதுவெதுப்பான மழை பனியையும் சேர்த்துக் கரைத்துக்கொண்டு வரும், மழை நின்ற பிறகும் நாள் கணக்கில் ஆறு இறங்காது.


கருப்பிறகு:

கரைவாசி சொன்னதில் முக்கால்வாசிக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் கணுக்காலில் பூட்ஸ் மறைந்தால் வீட்டுக்குப் போ என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பிடித்த பெரிய பிரவுன் ட்ரவுட்டுகளில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட தண்ணீரில் வந்தவைதான். பெரிய பிரவுன் பகலில் வெளியே தலைகாட்டாத ஜாதி. கலங்கல் வந்தால் அதற்கு இருட்டின மாதிரி, பதுங்கின இடத்தை விட்டு வந்து ஓரத்தில் தவிக்கிற சின்ன மீன்களை வேட்டையாடும்.

கண் தெரியாவிட்டாலும் அதன் உடம்பில் பக்கவாட்டுக் கோடு என்று ஓர் உறுப்பு இருக்கிறது, பக்கத்தில் தண்ணீர் அசைவதை அதில் உணரும். ஆகவே அசைகிற, தண்ணீரைத் தள்ளுகிற பெரிய ஃப்ளை வேண்டும். என் கை போவது கருப்பு வூலி பக்கருக்குத்தான், 6 அல்லது 4-ஆம் எண், தலையில் கனமான மணி. 1967-இல் பென்சில்வேனியாவில் ரஸல் பிளெஸிங் என்பவர் இதைக் கட்டியது பாஸ் மீனுக்காக, ட்ரவுட்டுக்காக இல்லை. ஆனால் இன்றைக்கு ட்ரவுட் பெட்டியில் இது இல்லாதவர் யார்? நிறம் ஏன் கருப்பு என்றால், கலங்கலில் பளபளப்பைவிட நிழல் தெளிவாகத் தெரியும். பச்சை, வெள்ளை எல்லாம் தண்ணீர் தெளிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வீசுவது எப்படி என்றால், கரைக்கு இணையாக, கரையிலிருந்து ஒரு முழத்துக்குள். ஃப்ளை புல்லைத் தொட்டு விழுந்தால் இன்னும் நல்லது. விழுந்ததும் இழுத்துவிடாதீர்கள், இரண்டு எண்ணி அமிழ விடுங்கள். அப்புறம் ஒரு சாண் இழுப்பு, நிறுத்தம், ஒரு சாண் இழுப்பு, நிறுத்தம். நிறுத்துகிற நேரத்தில்தான் அடிக்கும். தெளிந்த தண்ணீரில் போல ஓட ஓட இழுத்தால் கலங்கலில் மீனுக்கு அதைக் கண்டுபிடிக்க நேரம் கிடைக்காது. ஒரே இடத்தில் நாலைந்து தடவை போடுங்கள். ஒரு தடவை போட்டுவிட்டு மீன் இல்லை என்று நகர்ந்துவிடுகிறவர்களைப் பார்க்கிறேன், மூக்குக்கு முன்னால் போனால்தான் அதற்குத் தெரியும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

5 எக்ஸை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். கணக்கு சுலபம்: 11-இலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் நூலின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று வரும். 5 எக்ஸ் ஆறு பங்கு, அதாவது 0.15 மில்லிமீட்டர். 1 எக்ஸ் பத்துப் பங்கு, ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். வெள்ளத்தில் மீன் ஓட்டத்தோடு சேர்ந்து இழுக்கும், பக்கர் மாதிரி இழுத்து இழுத்துப் போடுகிற ஸ்ட்ரீமருக்கு 1 எக்ஸ், 2 எக்ஸ் என்றால் கூச்சமே வேண்டாம். கலங்கலில் நூலை யார் பார்க்கப்போகிறார்கள். லைனையும் ஃப்ளையையும் இணைக்கிற லீடர் நூலும் குட்டையாக, ஆறடி போதும்.


தக்கைக்காரன்:

ஸ்ட்ரீமர் எல்லோருக்கும் சரிவராது, நாள் முழுக்க அதை வீசினால் தோள்பட்டை கழன்றுவிடும். புதியவருக்கு நான் நிம்ஃபைத்தான் சொல்வேன்.

வெள்ளம் ஆற்றின் அடியைப் புரட்டிப்போடுகிறது, கல்லைப் பிடித்துக்கொண்டிருந்த புழு பூச்சி எல்லாம் கழன்று மிதந்து வரும், கரை மண்ணிலிருந்து மண்புழுவும் வரும். மீனுக்கு அது பந்தி. நான் போடுவது இரண்டு ஃப்ளை. மேலே கனமாக 8-ஆம் எண் ஸ்டோன்ஃப்ளை நிம்ஃப் அல்லது சான் வான் வார்ம், அதிலிருந்து ஒன்றரை அடி கீழே 14-ஆம் எண் ஃபெசன்ட் டெயில். சான் வான் வார்ம் என்பது முள்ளில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினது, நியூ மெக்சிகோவில் இருக்கிற சான் வான் ஆற்றின் பெயர். இதைப் போடுகிறவன் எல்லாம் ஃப்ளை தூண்டில்காரனே இல்லை என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. சுளிக்கட்டும், மீனுக்கு அந்தக் கொள்கை தெரியாது. கௌரவம் வேண்டுமென்றால் ஃபெசன்ட் டெயில் இருக்கவே இருக்கிறது, இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃபிராங்க் சாயர் செம்புக் கம்பியையும் கோழி இனப் பறவையின் வால் இறகையும் மட்டும் வைத்துக் கட்டியது, தனியாக நூலே கிடையாது.

முக்கியம் எடை. மேலே தண்ணீர் பறக்கும், ஆனால் அடியில் கல்லோடு உரசுவதால் ஓட்டம் மெதுவாகத்தான் போகும், மீன் அந்த அடுக்கில்தான் கிடக்கும். ஃப்ளை அங்கே போய்ச் சேராவிட்டால் பெட்டியில் எதை வைத்திருந்தும் பயனில்லை. தக்கை நுரையைவிடக் கொஞ்சம் மெதுவாகப் போகிறது, அவ்வப்போது கல்லில் தட்டி ஒரு நொடி தயங்குகிறது என்றால் சரியான ஆழம். நுரையின் வேகத்திலேயே போனால் இன்னும் ஓர் ஈயக்குண்டு போடுங்கள். நான் ஃப்ளை மாற்றுவதைவிட ஈயம் மாற்றுவதுதான் அதிகம். தக்கை தயங்கினால் யோசிக்காமல் ராடைத் தூக்குங்கள், பத்துத் தடவையில் எட்டு கல், இரண்டு மீன்.

தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 10-இலிருந்து 16 டிகிரி செல்சியஸ் வரை ட்ரவுட் நன்றாகத் தின்னும். வசந்தத்தின் குளிர் மழை தண்ணீரை 7, 8-க்கு இறக்கிவிட்டால் காலையில் தூங்கிவிட்டு மதியத்துக்கு மேல் போகலாம். கோடை நெருங்கும்போது எதிர்ப்பக்கம் பாருங்கள், 20 டிகிரி தொட்டுவிட்டால் ராடை மடித்துவிட வேண்டும், அந்தச் சூட்டில் இழுத்துக் களைக்கவைத்து விட்ட மீன் பிழைப்பது கஷ்டம்.


ஈரச்சாக்ஸ்:

ஃப்ளை, நூல், ஈயம் எல்லாம் பேசியாயிற்று, தண்ணீருக்குள் இறங்குவதைப் பற்றி இவ்வளவு நேரம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே.

ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவுதானே என்று நினைப்போம், அதே முழங்கால் அளவு இரண்டு நாள் முன்னால் இருந்த முழங்கால் அளவு இல்லை. எனக்கு இது நான்கு வருடம் முன்னால் உறைத்தது. நூறு தடவை கடந்த இடம், கண்ணை மூடிக்கொண்டு போவேன். வெள்ளம் வடிகிற இரண்டாவது நாள், தண்ணீர் தொடை வரை, கீழே கல் தெரியவில்லை. மூன்றில் ஒரு பங்கு தூரம் போனதும் இடது காலை வைக்க இடமில்லை, அங்கே இருந்த சரளைத் திட்டையே வெள்ளம் கொண்டுபோயிருக்கிறது. திரும்பலாம் என்று உடம்பைத் திருப்பினேன், அதுதான் தப்பு, அகலமான பக்கத்தை ஓட்டத்துக்குக் காட்டிவிட்டேன். நூறடி தூரம் அடித்துக்கொண்டு போய் ஒரு வளைவின் உள்பக்கச் சேற்றில் ஒதுங்கினேன். ராட் போயிற்று. நல்லவேளை அந்த வளைவில் சாய்ந்த மரம் ஏதும் இல்லை, கிளைக்குள் ஓட்டம் நம்மை அழுத்திவிட்டால் வெளியே வர முடியாது.

வேடர்ஸுக்குள் (ஆற்றில் இறங்கப் போடுகிற, நெஞ்சு வரை வருகிற நீர்புகாக் கால்சட்டை) தண்ணீர் புகுந்தால் கல்லாக இழுத்துக்கொண்டு போகும் என்பார்கள், அப்படியில்லை, தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை தெரியாது. ஆனால் நீந்த விடாது, கரை ஏறும்போது தூக்கவும் முடியாது. அதனால் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள், சம்பிரதாயத்துக்குக் கட்டாதீர்கள். ஊன்றுகோல் ஓட்டம் வருகிற பக்கம் இருக்கட்டும். விழுந்துவிட்டால் மல்லாந்து, பாதத்தை ஓட்டம் போகிற திசையில் நீட்டி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கிப் போங்கள். வேகமான தண்ணீரில் எழுந்து நிற்கப் பார்த்தால் கால் கல்லிடுக்கில் மாட்டும், ஓட்டம் ஆளை முன்னால் கவிழ்த்துவிடும்.

அதைவிட நல்ல யோசனை, இறங்காதீர்கள். மீன் கரையோரம் இருக்கிறது என்று கரைவாசியும் கருப்பிறகும் சொல்லிவிட்டார்களே, அப்புறம் ஆற்றுக்குள் உங்களுக்கு என்ன வேலை?


புதுமுள்:

எல்லோருக்கும் நன்றி. கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. 😀

போய் வந்தேன், சொல்கிறேன். மழை நின்ற மூன்றாம் நாள் குச்சி நட்டுப் பார்த்தேன், அரை மணியில் ஒரு விரல் இறங்கியிருந்தது. நிறம் இன்னும் டீதான், ஆனால் பால் கொஞ்சம் குறைவு. காலையில் தண்ணீர் 9 டிகிரி. கருப்பு பக்கரை வீசினேன், புல்லில் மாட்டியது, வீசினேன், மாட்டியது, நான்கு ஃப்ளை போயிற்று. ஒரு முழத்துக்குள் வீசு என்று சொல்வது சுலபம். கடைசியில் தக்கைக்காரன் அண்ணா சொன்னபடி ஸ்டோன்ஃப்ளைக்கு மாறினேன். முதலில் தக்கை நுரையோடு ஓட்டப்பந்தயம் ஓடியது, ஈயம் ஒன்று, இரண்டு, மூன்றாவது போட்டதும் டக் டக் என்று கல் தட்டுவது ராடின் கைப்பிடியில் தெரிந்தது. அப்படித் தட்டினதில் ஒன்று திரும்பி இழுத்தது! நாற்பது சென்டிமீட்டர் இருக்கும், பிரவுன், வயிறு வெண்ணெய் மஞ்சள். எங்கே தெரியுமா, கரையிலிருந்து இரண்டடி. போன வாரம் நான் செருப்போடு நின்ற இடம். தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றினேன், வாய் ஓரத்தில் ஒரு துண்டு மண்புழு தொங்கிக்கொண்டிருந்தது, நிஜமானது.

நான்காம் நாள் மதியம் மேகமூட்டம். வளைவின் உள்பக்கம் நுரை சுற்றிக்கொண்டே இருக்கிற ஒரு சுழி, அதில் சாம்பல் நிறத்தில் குட்டிப் பூச்சிகள் இறக்கையை நிமிர்த்திக்கொண்டு மிதந்தன. நுரைக்கு நடுவில் மூக்கு மூக்காக ஏதோ எழும்பி அமிழ்ந்தது. வெள்ளத்திலும் ட்ரை ஃப்ளையா என்று நம்பவே இல்லை. 18-ஆம் எண் ஒன்று போட்டு இரண்டு சின்ன மீன் பிடித்தேன், மூன்றாவது அறுத்துக்கொண்டு போயிற்று.

இன்னொன்று கேட்க வேண்டும். தண்ணீர் தெளிந்த ஒரு பக்க ஓடையில், மடு முடிந்து ஆழம் குறைகிற இடத்தில், சரளைக்கல் ஒரு பாய் அளவுக்கு மட்டும் கழுவின மாதிரி வெளுத்துத் தெரிந்தது. மேலே இரண்டு ரெயின்போ ட்ரவுட் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. எத்தனை போட்டும் தொடவில்லை. அது என்ன?


கரைவாசி:

சாம்பல் பூச்சி பீட்டிஸ் மேஃப்ளை, அதற்கு மேகமூட்டமும் தூறலும்தான் பிடிக்கும். சுழியில் ஓட்டம் இல்லாததால் மீன் சும்மா நின்று பொறுக்குகிறது, நன்றாகக் கவனித்தீர்கள்.

அந்த வெளுத்த பாய் முட்டைப் படுக்கை. பிரவுன் இலையுதிர் காலத்தில் முட்டையிடும், ரெயின்போ வசந்தத்தில். பெண் மீன் வாலால் சரளையைக் கிளறிக் குழி பறித்து முட்டையிட்டு மூடும், அதனால்தான் பாசி போய்க் கல் வெளுத்திருக்கிறது. நின்ற இரண்டும் தின்ன வந்தவை இல்லை, அவற்றை விட்டுவிடுங்கள். 10 டிகிரி தண்ணீரில் முட்டை பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம், பொரித்த குஞ்சும் சில வாரம் கல்லிடுக்கிலேயே கிடக்கும். ஒரு பூட்ஸ் மிதி போதும் அவ்வளவும் நசுங்க. இப்போது தெளிவாகத் தெரிகிறது, இன்னும் இரண்டு வாரத்தில் பாசி பிடித்துவிட்டால் வித்தியாசமே தெரியாது, ஆகவே இடத்தை மனதில் வைத்துக்கொண்டு அந்த மடுவின் கீழ்ப்பக்கம் முழுவதும் கரையிலேயே நடங்கள்.


கருப்பிறகு:

நான்கு பக்கர் போயிற்றா? நல்லது, ஓரத்தில்தான் வீசியிருக்கிறீர்கள். முள்ளுக்கு முன்னால் தடித்த நைலானில் ஒரு சின்ன வளையம் கட்டிக்கொள்ளுங்கள், புல் அவ்வளவாகப் பிடிக்காது. அந்த அறுத்துக்கொண்டு போனது எந்த நூல்?


புதுமுள்:

5 எக்ஸ். திட்டாதீர்கள்.